ஓகஸ்ட்டில் பிள்ளைகளோடு மட்டக்களப்பு: நாலு நாளை எப்படிக் கழிப்பது?

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “ஓகஸ்ட்டில் பிள்ளைகளை முதல்தரம் மட்டக்களப்புக்குக் கூட்டி வருகிறோம். மகனுக்கு 12, மகளுக்கு 7. எழுபது வயது அம்மாவும் கூட வருகிறார். நாலு நாள் நிற்போம். எங்கள் ஊர் பெரிய டவுன் என்று பிள்ளைகளிடம் பெருமையடித்து வைத்திருக்கிறேன். அவர்களுக்கு அலுக்காமல் எங்கெங்கே போகலாம்?”

முதலில் அந்தப் பெருமையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் தங்கச்சி. பெரிய டவுன் என்று சொன்னால் ரொறன்ரோப் பிள்ளை எதை எதிர்பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே மிருகக்காட்சிச்சாலை இல்லை, ரோலர் கோஸ்டர் இல்லை. ஏசி போட்ட பெரிய கடைத்தொகுதிக்குள் நாள் முழுக்கச் சுற்றலாம் என்றால் அதுவும் கொழும்பில்தான். “தண்ணிக்கு நடுவில் இருக்கிற ஊர்” என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். அது பொய்யும் இல்லை, பிள்ளைகளும் ஏமாற மாட்டார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் லண்டனில் இருந்து அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். வந்த முதல் நாளே, பகல் பதினொன்றரைக்கு, கோட்டையைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதம். கொத்தளத்துக் கல்லில் கை வைக்க முடியவில்லை. சின்னவன் பீரங்கியின் நிழலில் குந்திக்கொண்டு “எப்ப மாமா வீட்ட போறது?” என்று இங்கிலீஷில் கேட்டான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் ஐந்து மணிக்கு அதே கோட்டைக்குப் போனபோது, இறங்கி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதனால் எங்கே போவது என்பதை விட எத்தனை மணிக்குப் போவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஓகஸ்ட்டில் காலை பத்தரை வரைக்கும் உங்களுடையது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மறுபடி உங்களுடையது. இடையில் வீட்டில் சாப்பிட்டு, மின்விசிறியின் கீழ் பாய் போட்டுப் படுங்கள். அம்மாவுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொன்று, நாட்டின் படத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துங்கள். வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே கடலோரமாக உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மாடும் உள்ள பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரே தரத்தில் பிடிபட்டுவிடும் பெயர்கள். டவுனின் நடுவான புளியந்தீவு வாவிக்குள்ளே இருக்கிற தீவு. ஆக எங்கே போவதென்றாலும் ஏதோ ஒரு தண்ணீரைக் கடக்கத்தான் வேண்டும். அந்தக் கடக்கிற வேலைதான் இந்த ஊரில் விளையாட்டு.

அந்த விளையாட்டில் முதலிடம் நான் கொடுப்பது ‘பாதை’க்கு. வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்குப் பாதை என்றால் ரோட்டு. நமக்கு அது வாவியைக் கடக்கிற மிதவை. மிதவைகளின் மேல் தட்டையான தளம், ஓரத்தில் கம்பி, தள்ளிக்கொண்டு போக ஓர் இயந்திரம். அவ்வளவுதான். அதில் மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டி கட்டிய சைக்கிள் எல்லாம் ஏறும். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவில் ஓடுகிற பாதையைச் சொல்கிறேன். அக்காவின் மகனை அதில் ஏற்றியபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் கயிற்றில் கட்டிய இரண்டு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி அவனையே பார்த்தது. அவன் கோழியையே பார்த்தான். நடு வாவியில் காற்று எழும்பித் தளம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு “Again!” என்று கத்துவான் என்று நினைத்தேன், “மாமா, இன்னொருக்கா!” என்றான். மூன்று நாளில் அவன் வாயில் வந்த முதல் முழுத்தமிழ் வசனம் அது. கரை வந்ததும் இறங்க மாட்டேன் என்று நின்றான். பாதைக்காரர், “ஒண்ணா மகன், இறங்குங்க. மறுகா வாங்க” என்று சொல்லித்தான் இறக்கினார். ‘ஒண்ணா’வும் ‘மறுகா’வும் என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்கு அம்மா சொல்லிக்கொடுக்கட்டும். அந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதி மட்டக்களப்பான் ஆகிவிடலாம்.

இதை ஒரு காலைச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்கு டவுனிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டு, ஆரையம்பதியைத் தாண்டி மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குக் கடவுங்கள். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான் ஓடியது, அம்மா அதில் போயிருப்பார், கேட்டுப்பாருங்கள். முதலில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில். அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கல் நந்தி. கோயிலை இடிக்க வந்த பறங்கி அதிகாரி, “உங்கள் கல்மாடு புல் தின்னுமா?” என்று கேட்க, நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது ஊர்க்கதை. சாணம் போட்டது என்கிற இடத்தில் எந்த நாட்டுப் பிள்ளையும் சிரிக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்; 12 வயது மகனுக்கு இதை முதல்நாளே சொல்லி வையுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் வெட்கப்பட்டு வானுக்குள்ளேயே இருந்துவிடுவான். பிறகு வயலோரமாக அம்பிளாந்துறைக்கு வந்து பாதையில் ஏறுங்கள். வானைத் திரும்பவும் பாலத்தால் சுற்றி வரச் சொல்லி, குருக்கள்மடத்தில் ஏறிக்கொள்ளலாம். பாதை ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதல்நாள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். காற்றுக் கூடினால் நிறுத்திவிடுவார்கள்.

கோட்டைக்கும் காந்தி பூங்காவுக்கும் ஒரு பின்னேரம் போதும். கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது, அதனால் நம்மவர்கள் பலருக்கு அது பார்க்கப் போகிற இடமே இல்லை, பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த இடம். மகனை மதில் மேல் நடக்க விடுங்கள், பீரங்கி இருக்கிறது, கீழே வாவி இருக்கிறது. காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி இருந்து கச்சான் கொறிக்கலாம். (அடிக்கிற காற்றும் கச்சான், கொறிக்கிற கடலையும் கச்சான். மகள் கட்டாயம் இதைக் கேட்பாள், பதிலைத் தயாராக வையுங்கள்.) பக்கத்திலே மட்டக்களப்பு வாசல். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வந்து இறங்கிய துறை. அந்த வருடமே அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அம்மா அங்கே படித்தவரா, வின்சென்ட் மகளிர் பாடசாலையா என்று எனக்குத் தெரியாது, அந்தச் சண்டையில் நான் தலையிட மாட்டேன்.

பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் அந்தப் பக்கம்தான். நாலு மணிக்குப் போய்ப் படகு பிடித்தால் கண்டல் மரங்களுக்குள்ளால் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். வேர்கள் தண்ணீருக்கு மேலே கால் பரப்பி நிற்பதைப் பிள்ளைகள் கிட்ட இருந்து பார்க்கட்டும். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி நிச்சயம். உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். “பக்கத்திலதானே” என்பார்கள். பக்கத்தில் என்றாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

சரி, மீன் பாடுவதைப் பற்றி. நீங்கள் பிள்ளைகளிடம் இதைத்தான் அதிகம் அளந்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, காற்று அடங்கிய இரவில், முழுநிலாவை ஒட்டிய நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் என்பார்கள். ஆக மாதம் உங்களுக்குச் சரி. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் வந்தபோது தோணியில் போய்க் கேட்டு, எழுதியும் வைத்திருக்கிறார். மீனா, ஊரி என்கிற சிப்பி இனமா, வேறெதுவுமா என்று இன்றுவரை அடித்துச் சொன்னவர் இல்லை. நான் ஐந்து தரம் போயிருக்கிறேன், இரண்டு தரம் கேட்டேன். மற்ற மூன்று தரமும் கேட்டது நுளம்பு.

கேட்கிற முறை இதுதான். தோணிக்காரர் பாலத்திலிருந்து கொஞ்சம் அங்கால் விட்டு, இயந்திரத்தை நிறுத்துவார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். முதலில் ஒன்றும் இராது. பாலத்தில் ஒரு லொறி போகும், அந்த அதிர்வு மரத்துக்குள்ளால் பல்லுக்கே வரும். அது அடங்கிய பிறகு, தம்புராவின் ஒரே தந்தியை யாரோ மெல்லத் தட்டிவிட்டுப் போன மாதிரி, பிறகு இன்னொருவர் கொஞ்சம் தள்ளியிருந்து தட்டின மாதிரி. பாட்டு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். அக்காவின் மூத்த மகள் முதலில் “ஒன்றும் இல்லை” என்று துடுப்பைத் தந்தாள். பிறகு ஏதோ நினைத்துத் திரும்ப வாங்கி, காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். அவள் கையில் போன் இல்லாத பத்து நிமிடத்தை நான் பார்த்தது அன்றுதான். கேட்டதா என்றால் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

உங்கள் நாலு நாளில் ஒன்றாவது போயா என்கிற முழுநிலா நாளை ஒட்டி விழுமாறு டிக்கெட் போடுங்கள். தோணியை அன்று பின்னேரமே பேசி வையுங்கள். நிலா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கலாம். 1924இல் வெள்ளைக்காரன் கட்டிய இரும்புப் பாலம், அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரில் லேடி மனிங் பாலம். ஒரு வாகனம் வந்தால் எதிர்ப்பக்கம் காத்து நிற்க வேண்டிய அகலம். 2013இல் பக்கத்திலே புதுப்பாலம் திறந்த பிறகு பழையதுக்கு ஓய்வு. சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்குகிற நேரம் அதில் நின்று வீச்சு வலைக்காரர் வலை எறிவதைப் பார்க்கலாம். வலை விரிந்து வட்டமாக விழுகிறதை எண்ணுவதற்கு மகளுக்குச் சொல்லுங்கள். எத்தனை வலை, எத்தனை மீன் என்று.

குளிப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாவியில் முதலை உண்டு, பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடாதீர்கள். கல்லடிக் கடற்கரை பின்னேரம் காற்று வாங்க, பட்டம் விட, சுண்டல் தின்ன நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை டவுனே அங்கேதான் இருக்கும். ஆனால் அந்தக் கடல் சட்டென்று ஆழமாகும், இழுவையும் உண்டு. அலையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

குளிக்க வேண்டுமென்றால் பாசிக்குடா. வடக்கே 35 கிலோமீற்றர் அளவில். குடாவாக வளைந்த கடல், அலை இல்லை, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு அம்மா கரையில் நிம்மதியாக இருக்கக்கூடிய இடம் இந்தக் கரையில் அதுதான். அதற்காகக் கண்ணை எடுத்துவிட வேண்டாம். வாரநாளில், காலை ஏழுக்குத் தண்ணீரில் நிற்கிற மாதிரிப் போய், பத்தரைக்குத் திரும்புங்கள். ஞாயிறு, போயா நாட்களில் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கும், உடுப்பு மாற்றுகிற இடத்தில் வரிசையில் நின்றே வெயில் வந்துவிடும். ஹோட்டல்கள் கரையை நிறைத்திருந்தாலும் பொதுமக்கள் குளிக்கிற பகுதி தனியாக இருக்கிறது. கண்ணாடி அடித்தளப் படகுக்கு ஏறுவதற்கு முன் ஆளுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சப்பாத்தைக் கண்டதும் விலை ஏறும், உங்கள் தமிழைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கும்.

மகனுக்குக் கப்பல், விமானம் பைத்தியம் இருந்தால் இன்னொன்று சொல்லுங்கள். விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டிய முதல் கப்பல்களில் ஒன்றான ஹேர்மிஸை 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்தது இந்தக் கடலில்தான். அது ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிறது, தேர்ந்த சுழியோடிகள்தான் போக முடியும். கல்லடிக் கரையில் நின்று கையை நீட்டி “அங்கே” என்று காட்டலாம். அதுவே அவனுக்குப் போதும்.

காத்தான்குடிக்கு ஒரு பின்னேரம் ஓட்டோவில் போய் வாருங்கள். நடுவீதியில் பேரீச்சை மரம் வரிசையாக நிற்பதைப் பார்த்து மகள் எந்த நாடு என்று கேட்பாள். அங்குள்ள பூர்வீக நூதனசாலையில் பழைய வீட்டுச் சாமான்களை அம்மா தொட்டுக்காட்டி விளக்குவார், நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் மூடியிருக்கும், மற்ற நேரம் போங்கள்.

ஆடி அமாவாசை உங்கள் திகதிக்குள் விழுந்தால் மேலே சொன்ன ஒழுங்கு எல்லாம் குழம்பும், குழம்பட்டும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா அன்றைக்குத் தீர்த்தத்தோடு முடியும். தீர்த்தக் கேணியைச் சுற்றி நிற்கிற சனம், வீதி நீளக் கச்சான் கடை, வளையல் கடை, ஊதுகுழல் சத்தம். பிள்ளைகளுக்கு அதை விடப் பெரிய களியாட்ட விழா வேண்டியதில்லை. மகளின் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய துண்டை வைத்துவிடுங்கள்.

அம்பாறைப் பக்கத்தையும் ஒரு நாளில் பார்க்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் ஒன்றைத்தான். அறுகம்குடாவை எல்லாரும் சொல்வார்கள். ஓகஸ்ட் அலைச்சறுக்கின் உச்சக் காலம், அந்தக் கரையான உல்லை முழுக்க வெளிநாட்டவர், பிள்ளைகளோடு ஒரு வழிக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, போய் வர அரைநாள் வானில் போகும். நான் என்றால் இங்கினியாகலைக்குப் போவேன். சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். கல்லோயா தேசிய பூங்கா அதைச் சுற்றியே இருப்பதால் ஜீப்பை விட்டுப் படகில் போய் யானை பார்க்கலாம். தண்ணீருக்குள் இருக்கிற தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் மேலே தெரியும். தெரியாவிட்டாலும் படகு மிஞ்சும். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் புறப்பட வேண்டும். படகும் டிக்கெட்டும் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் வேறு, அதற்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்தப் பயணம் கடினம், அன்று அவரைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அவரும் அதைத்தான் விரும்புவார்.

சாப்பாட்டுக்கு நீளமாக எழுதவில்லை, உங்களுக்கு வீடு இருக்கிறது. வாவி இறாலும் நண்டும் காலையில் சந்தையில் வாங்குங்கள். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கி, கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல தயிர் விழாது. மகன் அந்த வித்தையைத் தானும் செய்து பார்ப்பான், முற்றத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கடைசி நாள் அம்மா ஒரு தயிர்ச் சட்டியை ரொறன்ரோவுக்குக் கட்டச் சொல்வார். இரவு ரயிலில் கொழும்பு வரைக்கும் மடியில் வைத்துக் கொண்டு போகலாம். அதற்கு அங்கால் முயல வேண்டாம். அக்காவின் சூட்கேஸை நான் திறந்து பார்த்தவன்.